மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கும் நாவலும் முழுநேர வேலையும்

கேள்வி: காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடுகிறது. நாவல் ஒன்று எட்டு மாதமாக மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பழையதைத் திருத்துவதிலேயே பொழுது போகிறது. வேலையை விட்டால்தான் எழுத முடியுமா?

பதில்: வேலையை விடாதீர்கள், இதற்காக நிச்சயம் வேண்டாம். ஞாயிறு உங்கள் கையில்தானே இருக்கிறது? அதைத் தின்பது நடுவில் விழும் ஆறு நாள் இடைவெளி. அத்தனை நாள் கழித்துத் திரும்பினால் கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே மறந்திருக்கும், நினைவுபடுத்திக்கொள்ள முதலிலிருந்து படிப்பீர்கள், படிக்கும்போது கை சும்மா இருக்காது, ஒரு வரியைத் திருத்துவீர்கள், அப்புறம் இன்னொன்று. மதியம் ஆகிவிடும்.

அதனால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், 150 சொல். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்கு 39,000 சொல் வருகிறது, எட்டு மாதத்தில் மூன்று அத்தியாயத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் தபால் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர். காலை 5.30க்கு மேசைக்கு வந்துவிடுவார், எதிரில் கடிகாரம், கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. அந்த வேகம் நமக்கு வேண்டாம். அவர் முதல் அரை மணி நேரத்தை முந்தைய நாள் எழுதியதைப் படிக்க ஒதுக்கினார், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நீங்களும் நேற்று எழுதிய பத்தியை மட்டும் படியுங்கள், அதற்கு மேலே போகாதீர்கள். (டிராலப்பை எழுப்பிக் காபி கொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.)

நிறுத்தும்போது காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியும் இடத்திலேயே விட்டுவிட்டு, கீழே ஒரு வரி எழுதி வையுங்கள்: 'இப்போது தங்கை கதவைத் தட்டுகிறாள்.' மறுநாள் வெற்றுப் பக்கத்தை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

காலையா இரவா? இரண்டு வாரம் அதில், இரண்டு வாரம் இதில் எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும். களைத்த நேரத்தில் புதிதாக எழுத முயல வேண்டாம், தட்டச்சு, பெயர் சரிபார்ப்பு போன்ற கூலி வேலையை அதற்கு ஒதுக்குங்கள். திருத்தம் ஞாயிற்றுக்கிழமைக்கு. பயண நேரத்தில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் அலுவலகத்துக்கு நடந்துபோகும்போதே வரிகளை மனத்தில் கட்டிக்கொள்வார். உங்களுக்குப் போனில் குரல் பதிவு இருக்கிறது, ஓர் உரையாடலை முணுமுணுத்து வைத்தால் மறுநாளைய 150 சொல்லில் பாதி அதிலேயே வந்துவிடும்.

அலுவலக லேப்டாப்பில் மட்டும் எழுதாதீர்கள். சில நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில் அங்கே உருவாகும் எதற்கும் அவர்கள் உரிமை கோர இடமிருக்கும், வேலையை விடும் நாளில் கணக்கும் மூடப்படும். உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

சரி, அந்த மூன்று அத்தியாயங்கள்? முழு வரைவு முடியும்வரை அவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, புதிய கோப்பில் நான்காவதைத் தொடங்குங்கள்.