12 சென்ட் நிலத்தை விற்று மகளை பிசியோதெரபி படிக்க வைக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறேன். வயது 47. மனைவி முந்திரி ஆலைக்குப் போகிறாள். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். பக்கவாதத்தில் கிடந்த என் அம்மாவை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து நடக்க வைத்ததைப் பார்த்ததிலிருந்து, அதைத்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 1.10 லட்சம் கட்டணம் சொல்கிறார்கள். இப்போதே 50,000 கட்டினால்தான் சீட் உறுதி என்கிறார் ஒரு முகவர். கையில் சீட்டு விழுந்த 2 லட்சம், 6 பவுன் நகை, 12 சென்ட் நிலம் இருக்கின்றன. நிலத்தை விற்றுவிடு என்கிறார் மைத்துனர். ஓராண்டு டிப்ளமா போதும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். அந்த 50,000 ரூபாயையும் இப்போது யாரிடமும் கொடுக்க வேண்டாம். உங்கள் மகளின் விருப்பம் நல்ல விருப்பம். அதைக் கடன் சுமை அழுத்தாமல் நிறைவேற்ற உங்கள் வருமானத்திலேயே வழி இருக்கிறது.

முதலில் அந்த ஓராண்டு டிப்ளமா பேச்சை விட்டுவிடுங்கள். பிசியோதெரபிஸ்டாகத் தொழில் செய்ய அடிப்படைத் தகுதி பி.பி.டி. எனும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம். ஓராண்டு, ஆறு மாதச் சான்றிதழ்கள் உதவியாளர் வேலைக்கு மேல் கொண்டுபோகாது. தபால் வழியில் பட்டம் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நோயாளியின் கை கால்களைத் தொட்டுக் கற்கும் படிப்பு இது. தபாலில் வராது.

தமிழ்நாட்டில் பி.பி.டி. இதுவரை நாலரை ஆண்டுப் படிப்பாக இருந்தது. 4 ஆண்டு வகுப்பு, அதன்பின் ஆறு மாத இன்டர்ன்ஷிப். 2021-ல் வந்த சட்டத்தின் கீழ், துணை மருத்துவப் படிப்புகளுக்காக அமைந்த தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பை ஓராண்டாக்கி, படிப்பை 5 ஆண்டாக்குகிறது. ஆகவே 5 ஆண்டுக்கே பணத்தைத் திட்டமிடுங்கள். அதே பாடத்திட்டம் சேர்க்கைக்கு நீட் தேர்வையும் குறிப்பிடுவதால், மகளை நீட்டுக்கும் விண்ணப்பித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டுக்கான சேர்க்கை விளக்கக் குறிப்பேடு வந்ததும் தகுதி விதிகளை வரி விடாமல் படியுங்கள்.

இங்கே முகவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள, அரசு மருத்துவக் கல்வித் துறையின் மாணவர் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கு ஆண்டுதோறும் கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் அதன் வழியாகத்தான் நிரம்புகின்றன. அரசு பிசியோதெரபி கல்லூரி திருச்சியில் இருக்கிறது. விடுதிச் செலவு சேர்ந்தாலும் அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டாலும், இதே தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் இருந்தால் கட்டணம் குறையும். வங்கியும் கலந்தாய்வில் வந்த மாணவிக்குத் தயங்காமல் கடன் கொடுக்கும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் சில மேலாளர்கள் கேள்வி கேட்பார்கள். பிளஸ் டூ முடிவே வராதபோது சீட்டை உறுதி செய்கிறேன் என்பவர், உங்கள் பதற்றத்தைத்தான் விலை பேசுகிறார்.

இனி கணக்கு. கலந்தாய்வில் எதுவும் அமையவில்லை, 1.10 லட்சம்தான் கட்ட வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். தேர்வுக் கட்டணம், புத்தகம், வெள்ளைக் கோட்டு, மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர், பஸ், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 30,000 சேர்த்தால் 1.40 லட்சம். நான்கு ஆண்டுக்கு 5.60 லட்சம். இன்டர்ன்ஷிப் ஆண்டுக்கு 50,000. மொத்தம் 6.10 லட்சம். அந்த ஐந்தாம் ஆண்டுக்கும் கட்டணம் உண்டா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் கேட்க மறப்பது இதைத்தான்.

இதில் 4 லட்சத்தைக் கல்விக் கடனாக எடுங்கள். 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்பதில்லை, நம் பங்காகத் தொகை போடச் சொல்வதும் இல்லை. மகள் கடன்தாரர், நீங்கள் உடன் கடன்தாரர். நகைக்கடன் ஏதாவது நிலுவையில் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே நேர் செய்துவிடுங்கள். நிலமும் நகையும் அப்படியே இருக்கட்டும்.

மீதி 2.10 லட்சத்துக்கு உங்கள் சீட்டுப் பணமே போதும். முதல் 40,000 ரூபாயைச் சேர்க்கையின்போது கட்டுங்கள். மிச்சத்தை நாற்பது நாற்பது ஆயிரமாக நான்கு வைப்புகளாகப் போட்டு, ஆண்டுக்கு ஒன்று வீதம் கல்லூரி திறக்கும் மாதத்தில் முதிரும்படி செய்யுங்கள். கடைசி ஆண்டில் குறையும் பத்தாயிரத்தை வட்டியே சரிக்கட்டிவிடும். மழை அடித்தாலும் இலை உதிர்ந்தாலும் பால்வெட்டு நின்றுபோகிற உங்கள் வேலையில், கல்லூரிக் கட்டணம் அந்த மாத வருமானத்தை நம்பி இருக்கக் கூடாது.

கடனின் வட்டியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சமாக எடுத்து, 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டால் முதல் ஆண்டு 10,000, அடுத்து 20,000, 30,000, பிறகு மூன்று ஆண்டுகள் 40,000. ஆக 1.80 லட்சம். 4 லட்சம் கடன், தவணை தொடங்கும் நாளில் 5.80 லட்சமாக நிற்கும். பத்தாண்டுத் தவணையில் 4 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,290 ரூபாய், 5.80 லட்சத்துக்கு 7,660 ரூபாய். தொடக்கச் சம்பளத்தை நான் 15,000 என்று குறைத்தே கணக்கிடுகிறேன். 5,290 ரூபாய்த் தவணை அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், தாங்கலாம். 7,660 ரூபாய்த் தவணை பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

அந்த 1.80 லட்சத்தை நீங்கள் கட்டாமலே இருக்கவும் வழி உண்டு. குடும்ப வருமானம் 4.50 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கான கடனின் அவகாசக் கால வட்டியை மத்திய அரசு முழுதாக ஏற்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானம் அந்த வரம்புக்கு வெகு கீழே. ஆனால் கல்லூரிக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் தரச்சான்று இருக்க வேண்டும், அல்லது படிப்புக்கு, தொழிற்படிப்புகளை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். ஆகவே கல்லூரி அலுவலகத்தில், "டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்த ஆண்டுக்கு உண்டா?" என்று முதலில் கேளுங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகமானால் அதன் அங்கீகாரத்தைப் பாருங்கள். அடுத்து, "நாக் சான்று உண்டா, எதுவரை செல்லும்?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியின் விலை 1.80 லட்சம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கி, கடன் விண்ணப்பத்தோடு வட்டி மானியத்தையும் கேட்டுவிடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும்.

மானியம் கிடைக்கவில்லையென்றால் வட்டியை மாதந்தோறும் கட்டிவாருங்கள். முதல் ஆண்டில் அது மாதம் 830 ரூபாய்தான். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மகள் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். அதை அப்படியே வட்டிக்கு ஒதுக்குங்கள்.

முதல் ஆண்டு அனாட்டமி, பிசியாலஜி இரண்டும் கடினம். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் மண்டையோட்டிலிருந்து பாத எலும்பு வரை எல்லாவற்றையும் ஆங்கிலப் பெயரோடு மனதில் பதிக்கத் திணறுவார்கள். தேறாமல் போனால் படிப்பு நீளும், செலவும் நீளும். பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையிலேயே ஒரு பழைய அனாட்டமி புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இந்தக் கணக்கில் மிகவும் லாபமான செலவு அதுதான்.

வேலை வாய்ப்பை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, முதியவர்கள் தனியே வாழும் வீடுகள் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ஏராளம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் வீடு தேடிச் சென்று பிசியோதெரபி கொடுக்கிறது. துபாய்க்கோ சவுதிக்கோ போக வேண்டுமென்றால் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு எழுத வேண்டும், பணி அனுபவமும் கேட்பார்கள். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பான எம்.பி.டி.யும் அவள் சம்பாதிக்கத் தொடங்கியபின் முடிவு செய்ய வேண்டியது. இரண்டுக்கும் இப்போதே கடன் வாங்காதீர்கள்.

இன்னொன்று. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஈரச் சரிவில் ஏறுகிறவர் நீங்கள். இந்தக் கடன் முழுக்க உங்கள் உடம்பை நம்பி நிற்கிறது. வங்கிக்குப் போகும் அன்றே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும் கேட்டுச் சேர்ந்துவிடுங்கள். முதலாவதில் சேர 50 வயது வரைதான் அனுமதி. உங்களுக்கு மூன்று ஆண்டுதான் மிச்சம்.