சாக்ரடீஸ் நாத்திகரா?

கேள்வி: கடவுளை நம்பாததால்தானே சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தார்கள்? அவரைப் போய் பக்தியைப் பற்றி யோசித்தவர் என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்களே?

பதில்: நீங்கள் சொல்வது, குற்றம் சாட்டிய மெலிட்டஸின் வாதம். கி.மு. 399-இல் அவர் எழுதிக் கொடுத்த புகார் வேறு: ஊர் வணங்கும் தெய்வங்களை மதிக்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். விசாரணையில் சாக்ரடீஸ் மடக்கிக் கேட்டபோதுதான், 'இவர் எந்தத் தெய்வத்தையுமே நம்பாதவர்' என்று தாவினார். புதிய தெய்வ சக்திகளைக் கொண்டுவருகிறவர் எதையும் நம்பாதவராக எப்படி இருப்பார்? அந்த வாதம் அங்கேயே உடைந்துபோனது. வீட்டிலும் ஊர்ப் பலிபீடங்களிலும் அவர் வழிபட்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்று அவருடைய சீடர் ஸெனஃபோன் எழுதுகிறார்.

இன்னொரு சீடர் பிளேட்டோ உரையாடலாக எழுதிய 'யூதிஃப்ரோ'வைப் படித்துப் பாருங்கள். இந்த வழக்குக்காக வந்த இடத்தில் சாக்ரடீஸ், யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். யூதிஃப்ரோ வந்திருப்பது பெற்ற அப்பா மேலேயே கொலை வழக்குப் போட. நக்ஸோஸ் தீவில் அவர்கள் நிலத்தில் வேலை செய்த கூலியாள் குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். அப்பா அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, சாஸ்திரம் அறிந்தவரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கூலியாள் செத்துப்போனான். அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுப்பது பாவம் என்கிறது குடும்பம். செத்தவன் சொந்தமா அந்நியனா என்று பார்க்கக் கூடாது என்கிறார் யூதிஃப்ரோ. அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் பக்தி என்றால் என்ன என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. தெய்வங்களுக்குப் பிடித்தது என்கிறார். தெய்வங்களே ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவே? சரி, எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது என்று மாற்றுகிறார். அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற கேள்வி வருகிறது: பக்தியான செயல் என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, அவை விரும்புவதால்தான் அது பக்தி ஆகிறதா?

பலரும் அந்தக் கேள்வியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வரும் பகுதி. பக்தி நீதியின் ஒரு பங்கு, தெய்வங்களுக்குச் செய்யும் தொண்டு என்பதுவரை இருவரும் வந்துவிடுகிறார்கள். 'நம் தொண்டைக் கொண்டு தெய்வங்கள் எந்த நல்ல காரியத்தை நடத்துகின்றன?' என்று சாக்ரடீஸ் கேட்கிறார். யூதிஃப்ரோ நழுவி, பிரார்த்தனை, பலி என்று பேச ஆரம்பிக்கிறார். கேட்பதும் கொடுப்பதும்தான் பக்தி என்றால் அது தெய்வத்தோடு நடத்தும் வியாபாரம்தானே என்கிறார் சாக்ரடீஸ். கிட்டத்தில் வந்து விலகிவிட்டாயே என்று வருத்தமும் படுகிறார். கடைசியில் யூதிஃப்ரோ, அவசர வேலை என்று கிளம்பிவிடுகிறார்.

நம் தொண்டால் தெய்வங்கள் நடத்தும் நல்ல காரியம் எது என்ற அந்தக் கேள்விக்குச் சாக்ரடீஸ் தம் தரப்பு பதிலை நீதிமன்றத்தில் சொன்னார் என்றே நான் படிக்கிறேன். பணத்தையும் புகழையும்விட ஆன்மாவைக் கவனியுங்கள் என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேள்வி கேட்பது டெல்ஃபி கோயிலின் தெய்வமான அப்போலோ தமக்கு இட்ட வேலை என்றார். அந்த வேலையில் சொந்த வீட்டைக்கூடக் கவனிக்காமல் ஏழையாகவே இருந்துவிட்டார். அதை நிறுத்தினால் விடுதலை என்று நீங்களே சொன்னாலும் நிறுத்த மாட்டேன், உங்களைவிடத் தெய்வத்துக்கே கீழ்ப்படிவேன் என்று நீதிபதிகளிடம் சொன்னவரையா நாத்திகர் என்கிறீர்கள்?