70 வீதம் மழை என்றார்கள், வெயிலடித்தது!

கேள்வி: வானிலை அறிவிப்பில் 70 வீதம் மழை என்றதை நம்பி உருளைக்கிழங்குக்கு மருந்தடித்தேன், நல்ல வெயில். இனி இவர்களை நம்பலாமா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: நம்பலாம். இப்படிப்பட்ட 10 நாட்களில் ஏழில் மழை, மூன்றில் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம், உங்களுக்கு அந்த மூன்றில் ஒன்று வாய்த்தது. சரி, அதைவிட முக்கியம், நட்டம் எந்தப் பக்கம் பெரிது என்று பாருங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலை கருகும் நோய் சில நாட்களிலேயே தோட்டம் முழுக்கப் பரவிவிடும், இலையில் கறுப்புப் புள்ளியைக் கண்டபிறகு அடிக்கிற மருந்து பெரும்பாலும் பிந்திய மருந்துதான், அதனால் 30 வீத மழைக்கே முன்கூட்டி அடிப்பதில் நியாயம் உண்டு. யூரியா வேறு கதை. இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பெரிதாக ஒன்றும் கெடாது, பெருமழையில் போட்டால் சரிவோடு கழுவிக்கொண்டு போய்விடும். எனக்குக் கோபமெல்லாம் வீதத்தை விழுங்கிவிட்டு "மழை வரும்" என்று மட்டும் வாசிக்கிறவர்கள் மேல்தான்.