ஜோடி டெக்னிக்ஸ் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: கல்லூரி விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் நண்பரின் கண்ட்ரோலரை (லேப்டாப் பாட்டுகளை இயக்கும் டிஜே பலகை) வைத்து டிஜே செய்துவருகிறேன். கோவையில் பழைய ஆடியோ சாமான் விற்கும் ஒருவர், ஜப்பானிலிருந்து வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) ஜோடியையும் ஒரு மிக்ஸரையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். ‘தட்டு ஓட்டத் தெரியாதவன் டிஜேயே இல்லை. சவுண்டு வினைலில்தான் நிற்கும். வேண்டுமென்றால் லேப்டாப்பையும் இதிலேயே இணைத்துக்கொள்ளலாம்’ என்கிறார். வாங்கலாமா, கண்ட்ரோலரே போதுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு கண்ட்ரோலர், நல்ல ஹெட்போன், காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் என்று எல்லாம் அடங்கி மீதியும் நிற்கும்.

அவர் சொன்ன மூன்றில் கடைசியை முதலில் பார்ப்போம். லேப்டாப்பை இணைத்து ஓட்டும்போது தட்டில் பாட்டே இருக்காது. டைம்கோடு ரெக்கார்டு என்ற ஒன்றை வைப்பார்கள். அதில் பதிந்திருப்பது ஒரு சீழ்க்கை போன்ற ஒலிதான். ஊசி அதைப் படிக்கும். தட்டு எந்த வேகத்தில், எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை மென்பொருள் அதிலிருந்து கணக்கிட்டு, லேப்டாப்பில் உள்ள ஃபைலை அதற்கேற்ப ஓட்டும். ஸ்பீக்கரில் வருவது உங்கள் எம்பி3. அப்புறம் வினைல் சவுண்டு எங்கிருந்து வரும்? நிஜமான இசைத்தட்டு ஓட்டினால் வரும். கல்யாண வரவேற்பில் கேட்கும் பாட்டில் எத்தனை தட்டாகக் கிடைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த ‘இணைத்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. செராட்டோ, ரெகார்ட்பாக்ஸ் போன்ற டிஜே மென்பொருள்கள் தங்கள் பட்டியலில் உள்ள மிக்ஸரையோ ஆடியோ இன்டர்ஃபேஸையோதான் (லேப்டாப்புக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பெட்டி) டைம்கோடுக்கு ஏற்கும். பழைய மிக்ஸர் பட்டியலில் இருக்காது. இருந்தாலும் உங்கள் லேப்டாப்பின் புது இயங்குதளத்துக்கு டிரைவர் வராமல் போகலாம். நன்றாக வேலை செய்யும் பெட்டியை மென்பொருள் பூட்டு ஒன்று குப்பையாக்குகிறது, அதைக் கேட்பார் இல்லை. இலவச டிஜே மென்பொருளான மிக்ஸ்எக்ஸில் (Mixxx) இந்தப் பூட்டு கிடையாது. இரண்டு ஸ்டீரியோ உள்ளீடு, இரண்டு ஸ்டீரியோ வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தால் போதும்.

சவுண்டு கெடுவது வேறு இடத்தில். ‘டிஜே கலெக்‌ஷன், 2 டிபி’ என்று ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு விற்கிறார்களே, அங்கே. பெயரில் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட், எம்பி3-இன் உயர்தரம்) என்று போட்டிருக்கும்; உள்ளே பாதி, தரம் குறைந்த ஃபைலைத் திரும்ப 320-ஆக மாற்றி எழுதியது. ஸ்பெக் என்ற இலவச நிரலில் திறந்து பாருங்கள். உண்மையான 320 என்றால் வண்ணப்பட்டை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 16-இல் கத்தியால் அறுத்ததுபோல நின்றால் அது 128. அறை ஸ்பீக்கரில் தெரியாது, மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் தாளச் சத்தம் கரகரக்கும். ‘டிஜிட்டல் என்றாலே இப்படித்தான்’ என்று பழி மட்டும் கருவியின் மேல் விழும்.

இன்னொன்று இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ‘ம்ம்ம்’ சத்தம் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல். மிக்ஸருக்கு முன்னால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (சிக்னலை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) போட்டால் தீரும். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற ஆரம்பநிலைக் கண்ட்ரோலரில் ஸ்பீக்கருக்கான வெளியீடு ஆர்சிஏ (வீட்டு ஆடியோ கருவிகளில் வரும் சிவப்பு, வெள்ளை முனை) மட்டும்தான். அந்தக் கேபிளை 3 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். டிஐ பாக்ஸ் உங்கள் மேசையிலேயே இருக்கட்டும், அதற்குப் பிறகு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள்) எவ்வளவு நீளம் போனாலும் கவலையில்லை. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் சவுண்ட் சர்வீஸ்காரர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கிளப்பில் வாசிக்க ஆசை என்றாலும் அங்கே பெரும்பாலும் நிற்பது பயனியர் சிடிஜே என்ற டிஜே பிளேயர். டர்ன்டேபிள் இருந்தாலும் ஊசி தேய்ந்து தூசி படிந்திருக்கும். பராமரிக்க யாருக்கும் அக்கறை இல்லை. சிடிஜேக்குத் தேவை யுஎஸ்பி டிரைவ். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்து, ரெகார்ட்பாக்ஸில் பாட்டுகளை அலசி, அங்கிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பிளேலிஸ்ட், க்யூ புள்ளிகள் (பாட்டில் நீங்கள் குறித்துவைத்த இடங்கள்) எதுவும் வராது. பழைய சிடிஜே-2000, முதல் சிடிஜே-2000 நெக்ஸஸ் இரண்டும் ஃப்ளாக் (FLAC) ஃபைலைத் தொடாது. எம்பி3 320 அல்லது ஏஐஎஃப்எஃப் (AIFF) போதும். ஒரே உள்ளடக்கத்தோடு இரண்டு டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டப மேடையில் டர்ன்டேபிளே வைத்தீர்கள் என்றால், பலகையில் நாலு பேர் குதித்தால் ஊசி தாவும். சப்வூஃபர் பக்கத்தில் இருந்தால் அதன் அதிர்வை ஊசி திரும்பப் பிடித்து ஊளையிடும். ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல், ஜோடி இருபதுக்கு மேல். தூக்கவும் ஆள் வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் என் பதில் மாறும்: நீங்கள் ஸ்கிராட்ச் (ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஒலி எழுப்பும் கலை) கற்றுக்கொள்ள உறுதியாக இருந்தால். சாதாரணக் கண்ட்ரோலரின் ஜாக் வீல் (மேலே உள்ள வட்டச் சக்கரம்) தானாகச் சுற்றாது. ஸ்கிராட்ச்சில் கைக்குக் கீழே டர்ன்டேபிளின் சுழல்தட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரெக்கார்டைப் பிடித்து நிறுத்தினாலும் அடியில் ஸ்லிப்மேட் (இடையில் போடும் வழுக்கும் விரிப்பு) வழுக்கி, சுழல்தட்டு வேகம் குறையாமல் சுற்ற வேண்டும். விட்டதும் ரெக்கார்டு உடனே வேகம் பிடிக்க வேண்டும். இதற்கு டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் நேரடியாகச் சுழற்றும்) மோட்டாரும் நல்ல இழுவிசையும் தேவை. எம்கே2-வின் தொடக்க இழுவிசை 1.5 கிலோ-செ.மீ, 0.7 நொடியில் முழு வேகம் வரும். பெல்ட் போட்ட டர்ன்டேபிள் இதற்கு ஆகவே ஆகாது, ‘டிஜே மாடல்’ என்று எழுதியிருந்தாலும் சரி. ரேன் ஒன், டிடிஜே-ரெவ்7 போல மோட்டார் வைத்த கண்ட்ரோலர்கள் உண்டு. அவற்றின் தட்டு 7 அங்குலம், டர்ன்டேபிளுடையது 12. சிறிய தட்டில் பழகிய கை பெரியதில் தடுமாறும். வாரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து பயிற்சி செய்வேன் என்றால் வாங்குங்கள். மேடையில் வைத்தால் கெத்தாக இருக்கும் என்பதற்காக வேண்டாம்.

அப்படி வாங்குவதாக இருந்தால் பிளக்கைச் சொருகும் முன் பின்புறமோ அடியிலோ உள்ள வோல்டேஜ் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஜப்பான் செட் 100 வோல்ட். பிளக்கை மட்டும் நம்மூர்ப் பிளக்காக மாற்றிக் கொடுப்பார்கள். 230-இல் சொருகினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும், ஆகவே 100 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஜோடிக்குத் தாங்கும். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் வேகம் மாறாது, குவார்ட்ஸ் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பிட்ச் ஃபேடரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) நடுவில் வைத்து, சுழல்தட்டின் ஓரத்தில் உள்ள பெரிய புள்ளிகளைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் அவை நகராமல் நிற்க வேண்டும். டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) முனையை இரு விரலால் மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போயிற்று, விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் சத்தம் வராவிட்டால் மிக்ஸரில் ஆர்சிஏ இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் கோளாறு டர்ன்டேபிளில், மாறாவிட்டால் மிக்ஸரில். எர்த் ஒயரை மிக்ஸர் திருகில் கட்டி, சுவிட்ச்சை ஃபோனோவில் வைத்துக் கேளுங்கள். லைனில் வைத்தால் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை) தரும் சில மில்லிவோல்ட் காதுக்கே எட்டாது.

‘புத்தம்புது ஷூர் எம்44-7 ஊசி’ சேர்த்துத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். ஷூர் 2018-லேயே கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் மலிவாக வருவது பெரும்பாலும் வேறு யாரோ செய்த ஊசி. அதற்கான பணத்தை விலையில் கழித்துவிட்டு, ஆர்டோஃபோன் கான்கார்டு போல இன்றும் தயாரிப்பில் உள்ளதை நீங்களே வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது சுழல்தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். டோன்ஆர்மின் பின்னால் உள்ள எதிர் எடையையும், கார்ட்ரிட்ஜ் மாட்டிய ஹெட்ஷெல்லையும் எடுத்துவிட்டு டோன்ஆர்மைக் கிளிப்பில் பூட்டுங்கள். சுழல்தட்டோடு பார்சல் போட்டால் வழியில் அடிபட்டு அச்சு சேதமாகலாம்.