டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டில் நாமே எழுதும் புதுக் கிளாஸை (பாத்திர வகையை) எப்படிச் சமன் செய்வது?

யாழ்ப்பாணத்தில் போயா நாட்களில் கூடி ஆடும் உங்கள் குழுவில் ஒரு தம்பி 'பேயோட்டி' என்று புதுக் கிளாஸ் எழுதியிருக்கிறார். ஐந்தாம் லெவலில், ஒவ்வொரு சுற்றிலும் உடுக்கை அடித்தால் சுற்றி நிற்கும் எதிரிகள் எல்லாருக்கும் ஆறுமுகப் பகடை 6 உருட்டிச் சேதம். இது அதிகமா என்று கேட்கிறீர்கள். அதிகம்தான், ஆனால் சிக்கல் பகடையில் இல்லை.

6 பகடையின் சராசரி 21. 2014 விதிகளில், பலம் 18 உள்ள போர்வீரன் ஐந்தாம் லெவலில் பெரிய வாளால் இரண்டு வெட்டு வெட்டி, இரண்டும் பட்டால் சராசரி 22. கிட்டத்தட்ட சமம். ஆனால் அவன் ஒவ்வொரு வெட்டும் படுமா என்று பகடை உருட்டவேண்டும், ஒரு வெட்டு ஓர் எதிரிக்குத்தான். மந்திரவாதியின் ஃபயர்பால் என்ற தீ மந்திரம் 8 பகடை. பலரைச் சுடும், ஆனால் அந்த லெவலில் அதற்கு 2 இடம்தான், அதாவது நாளுக்கு 2 தடவைதான். நடுவே எடுக்கும் குறு ஓய்வில் ஒன்று மீளலாம், அவ்வளவுதான். பேயோட்டிக்கோ தவறுவதும் இல்லை, தீர்வதும் இல்லை.

ஆகவே பகடையைக் குறைக்காதீர்கள், தம்பி முகம் வாடிவிடும். ஒரு நீண்ட ஓய்வுக்கு (இரவுத் தூக்கம் போன்றது) 2 தடவைதான் என்று கட்டுப்படுத்துங்கள். எதிரிக்குத் தப்பும் பகடையும் கொடுங்கள், தப்பினால் பாதிச் சேதம்.

அப்புறம் 1, 5, 11 லெவல்களில் ஒவ்வொரு சண்டை வைத்துப் பாருங்கள். 5, 11 இரண்டிலும் மற்றக் கிளாஸ்களின் பலம் சட்டென்று ஏறும். மற்றவர்கள் கைபேசியை நோண்டத் தொடங்கினால் பேயோட்டியின் பலத்தை இன்னும் வெட்டவேண்டும்.