இறால் சாகவில்லை, வளரவும் இல்லை: ஆன்டிபயாட்டிக் போடலாமா?

கேள்வி: சீர்காழிப் பக்கம் ஒரு ஏக்கர் குளத்தில் வனாமி இறால் விட்டு 60 நாள் ஆகிறது. சாவு இல்லை, தீவனமும் எடுக்கிறது. ஆனால் சராசரி எடை 5 கிராம்தான், அதுவும் சிறிசும் பெரிசுமாக. ஆன்டிபயாட்டிக் கலந்து போடச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கூட்டம் அதிகமானாலும் ஆக்சிஜன் குறைந்தாலும் வளர்ச்சி தடைபடும் என்பது உண்மை. ஆனால் சாவே இல்லாமல், தீவனமும் எடுத்துக்கொண்டு, அளவு மட்டும் கலைந்து நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இஹெச்பி (என்டரோசைட்டோசூன் ஹெபடோபினேய்) என்ற நோய்க்கிருமி மேல்தான். கருப்பு இறாலில் வளர்ச்சி ஏன் நின்றது என்று தேடிய தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009-இல் இதற்குப் பெயரிட்டார்கள். பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. பூஞ்சைக்கு உறவான மைக்ரோஸ்போரிடியா வகை ஒட்டுண்ணி. அதனால் பாக்டீரியா மருந்து இதைத் தொடாது. மருந்தின் எச்சம் மட்டும் இறாலில் தங்கி, ஏற்றுமதிக் கம்பெனி சோதனையில் சிக்க வைக்கும்.

இது குடியேறுவது இறாலின் கல்லீரல்-கணையச் செல்களுக்குள். சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் மரபணுக்களே இதற்கு இல்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தங்கியிருக்கும் செல்லிடமிருந்தே சக்தியை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் போடும் தீவனம் சதையாக மாறாததற்குக் காரணம் இதுதான். வெள்ளைப்புள்ளி நோய்போலச் சில நாளில் குளத்தைக் காலி செய்யாது. செலவு வைத்துக்கொண்டே இருக்கும்.

கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. வெள்ளைக் கழிவு மிதந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, விப்ரியோ என்ற பாக்டீரியா தாக்கினாலும் அப்படி வரும். குளத்தில் சிறுத்துப்போனவற்றில் சிலவற்றை எடுத்து, கல்லீரல்-கணையத்தை 95 சதவீத எத்தனாலில் போட்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்குக் கொடுங்கள். பெரிய இறாலைக் கொடுத்தால் நோய் தப்பிவிடக்கூடும். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபாவை அணுகலாம்.

உறுதியானால் உங்கள் முன் இருப்பது வைத்தியம் அல்ல, கணக்கு. ஒரு லட்சம் உயிர் இருப்பதாக வையுங்கள்: 5 கிராம் வீதம் 500 கிலோ. 4 சதவீதத் தீவனம் என்றால் நாளுக்கு 20, வாரத்துக்கு 140 கிலோ. வாரம் அரை கிராம்தான் ஏறுகிறது என்றால் கிடைப்பது 50 கிலோ. ஒரு கிலோ இறாலுக்கு 2.8 கிலோ தீவனம்! அதற்கு மேல் கரண்ட், டீசல். அடுத்த இரண்டு வாரச் சாம்பிளிலும் இதே கதி என்றால், அந்தச் சிறிய அளவிலேயே பிடித்துவிடுவதுதான் என் அபிப்பிராயம். கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) குறைந்தால் விலை ஏறும் என்று காத்திருந்து நஷ்டத்தைப் பெருக்கியவர்கள் அதிகம். மனிதருக்கு இது தொற்றுவதாக ஆதாரமில்லை, விற்பதில் தயக்கம் வேண்டாம். தண்ணீரை மட்டும் பிளீச்சிங் போடாமல் வாய்க்காலில் விடாதீர்கள், பக்கத்துக் குளக்காரரும் உங்கள் நிலைக்கு வருவார்.

நிஜமான வேலை அடுத்து குஞ்சு விடுவதற்கு முன்னால்தான். இறாலின் கழிவோடு வெளியேறும் இதன் வித்துகள், ஒரு மைக்ரான் அளவுதான், தடித்த சுவர் கொண்டவை. வெயிலில் காயப்போட்டால் மட்டும் போதாது. சேற்றை வாரி எடுத்து, காய்ந்த தரையில் சுட்ட சுண்ணாம்பை ஹெக்டேருக்கு 6 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 2.4 டன் போட்டு, 10–12 செ.மீ. ஆழம் உழுது, ஈரமாக்கி, ஒரு வாரம் விடச் சொல்கிறது தாய்லாந்து ஆய்வாளர்களின் பரிந்துரை. மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12-க்கு ஏற வேண்டும். சாதாரணச் சுண்ணாம்புக்கல் பொடியால் அது நடக்காது. விலை குறைவு என்று அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

குஞ்சு வாங்கும்போது பொரிப்பகம் தரும் சர்டிபிகேட்டோடு நின்றுவிடாமல், நீங்களே சாம்பிள் எடுத்து பிசிஆர் பாருங்கள். தாய் இறாலுக்கு உயிருள்ள கடல்புழு கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதன் வழியாகவும் நோய் வரும். மைனஸ் 20 டிகிரியில் இரண்டு மணி நேரம் உறைய வைத்தாலே வித்து செத்துவிடும் என்பது சோதனையில் தெரிந்த விஷயம். உறைய வைக்காத புழுவைப் போடுகிற இடமானால் வேறு பொரிப்பகம் பாருங்கள்.