நாலு ஓட்டைக்கு இவ்ளோ பேப்பரா?

கேள்வி: வணக்கம் ஐயா, என் மகன் சுபாங்ல ஒரு ஹேங்கர்ல டெக்னீஷியனா இருக்கான். விமானத்து மேல வைஃபை ஆன்டெனா மாட்டுற வேலை, அப்ரூவல் வரலன்னு வாரக்கணக்கா நிக்குதாம். நாலு ஓட்டை போட்டு முடுக்குற வேலைக்கு ஏன் இப்படி இழுத்தடிக்கிறாங்க?
- ஒரு அம்மா, கிள்ளான்

பதில்: அம்மா, அந்த ஓட்டைதான் விஷயமே. விமானம் மேல போனா உள்ளேர்ந்து வெளிய தள்ளுற காத்தழுத்தம் ஏறும், இறங்கினா போயிடும், ஆக ஒவ்வொரு பயணத்துக்கும் தகடு ஒரு தடவ விரிஞ்சு சுருங்குது, ஓட்டை விளிம்புல மட்டும் அந்த இழுவை ரெண்டு மூணு மடங்கு கூடிடும், விரிசல் பிறக்குறது அங்கதான். 1954ல காமெட்ங்கற பயணிகள் ஜெட் ரெண்டு நடுவானத்துல உடஞ்சுது, முதல் விமானத்தோட கூரைய கடல்லேர்ந்து எடுத்து பார்த்தப்போ ஆன்டெனாவுக்காக கூரையில வெட்டின ஜன்னல் மாதிரி ஓட்டையோட மூலையிலதான் விரிசல் இருந்துச்சு.

இப்பல்லாம் ஓட்டைய சுத்தி டபுளர்னு இன்னொரு தகடு வச்சு ரிவெட் அடிப்பாங்க. பலம்தான், ஆனா அடியில விரிசல் ஓடினா வெளியிலேர்ந்து தெரியாது. சைனா ஏர்லைன்ஸ் 611 கதை அதுதான். 1980ல வால் தரையில உரசின 747, கீறல் விழுந்த தகட்ட முழுசா வெட்டி எடுக்காம மேலயே டபுளர போட்டு மூடிட்டாங்க, அதுக்கப்புறம் 22 வருஷம் பறந்துச்சு, 2002 மே மாசம் தைவான் பக்கத்துல வானத்துலயே பிஞ்சு 225 பேரும் போயிட்டாங்க. நினைச்சா இன்னமும் மனசு ஆறல.

அதனாலதான் டபுளர் எவ்ளோ பெருசு, ரிவெட் எத்தனை வரிசை, எத்தனை பயணத்துக்கு ஒரு தடவ கண்ணுக்கு தெரியாத விரிசலக் கண்டுபிடிக்கிற எடி கரண்ட் கருவி வச்சு பாக்கணும்னு எல்லாத்தையும் கணக்கு போட்டு எழுதி குடுக்கணும். வெளிநாட்டுல எஸ்டிசி, அதாவது விமானத்துல மாற்றம் பண்றதுக்கான டிசைன் அனுமதி, வாங்கின டிசைன்னாலும், இங்க பதிவான விமானத்துல மாட்ட நம்ம மலேசிய விமானத்துறை ஆணையம் சிஏஏஎம் ஒத்துக்கணும். இன்னொண்ணு, அந்த டிசைன் ஒரு மாடலுக்கு போட்டது, உங்க மகன் முன்னாடி நிக்கிற விமானத்துல அதே இடத்துக்கிட்ட பழைய ரிப்பேர் இருக்கான்னு தனியா பாக்கணும், ரெண்டு டபுளர் பக்கத்துல பக்கத்துல வந்தா பழைய கணக்கு செல்லாது, எனக்கு தெரிஞ்சு நாள் போறது பெரும்பாலும் இதுலதான்.

மகன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ட்ரில் சறுக்கி ஓட்டை பெருசாயிட்டாலோ தகட்டுல கீறல் பட்டாலோ சீலன்ட் பூசி மறைக்காம உடனே எழுதி வைக்கச் சொல்லுங்க, எவன் திட்டினாலும் பரவால்ல.